செண்பகராமனும் கெய்சரின் கடனும்

காரியத்தில் கெட்டிக்காரனாகவும் எவருக்கும் பிடிகொடுக்காதவனாகவும் இருப்பவனை எம்டன் என்று சொல்லும் வழக்கம் தமிழில் இன்றும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிவிட்டு மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தனர். அச்சத்தில் ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். அசைக்க முடியாதது என்று நம்பப்பட்ட பிரிட்டிஷ் பேரரசு அன்றிரவு சென்னைவாசிகளின் கண்முன்னே சற்றே ஆட்டம் கண்டது. கப்பலின் பெயர் அகராதிச் சொல்லாக நிலைத்ததற்கு அதுவே காரணம்.

அந்தக் கப்பலோடு இன்னொரு பெயரும் தமிழ்நாட்டில் ஒட்டிக்கொண்டது. திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழரான செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் பொறியாளராக இருந்தார் என்றும், சென்னை மீது குண்டு வீச வழிகாட்டியவர் அவரே என்றும் மேடைகளிலும் சிறுவர் நூல்களிலும் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. கேட்பதற்குப் பெருமையாக இருக்கும் இந்தக் கதை காலக்கணக்கோடு பொருந்தவில்லை. எம்டன் 1910 முதலே சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட ஜெர்மானியக் கிழக்காசியப் படையில் இருந்தது. 1914 ஜூலை இறுதியில் அங்கிருந்துதான் கடலுக்குப் புறப்பட்டது. பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. அந்த மாதங்களில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்தார். சென்னையில் குண்டு விழுந்த செப்டம்பரில் அவர் சூரிச்சில் இருந்த ஜெர்மானியத் தூதரகத்தோடு தொடர்பு கொண்டிருந்தார். அக்டோபரில் பெர்லின் சென்றார்.

கப்பல் கதையை விலக்கி வைத்தால் செண்பகராமன் சிறுத்துவிடுவாரோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அதை விலக்கிய பிறகுதான் அவருடைய வாழ்க்கை எழுப்பும் உண்மையான கேள்வி நம் முன் வந்து நிற்கிறது. ஒரு பேரரசிடம் அடிமைப்பட்ட நாடு, அதனுடன் பகை கொண்ட மற்றொரு பேரரசின் உதவியால் விடுதலை பெற முடியுமா? அந்த உதவிக்கு விலை என்ன? தம் வாழ்நாளில் 26 ஆண்டுகளை ஐரோப்பாவில் செலவிட்டு இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் அவர்.

செண்பகராமன் 1891 செப்டம்பர் 15-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் சின்னசாமிப் பிள்ளைக்கும் நாகம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். நாஞ்சில் நாட்டில் வேர்கொண்ட தமிழ்க் குடும்பம் அது. தந்தை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் காவல் துறையில் பணிபுரிந்தவர். அன்றைய திருவிதாங்கூர், தெற்கே நாஞ்சில் நாட்டையும் மலைக்குக் கிழக்கே செங்கோட்டையையும் தன்னுள் அடக்கியிருந்தது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருவோர் இதை எளிதில் உணரலாம். அருவியிலிருந்து சில கல் தொலைவு போனாலே அன்றைய பிரிட்டிஷ் திருநெல்வேலி மாவட்டம் முடிந்து மகாராஜாவின் எல்லை தொடங்கிவிடும். தென்காசி ஆங்கிலேயருடைய ஊர். பக்கத்திலிருக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் ஊர். கொல்லத்தையும் திருநெல்வேலியையும் இணைத்த மலைப்பாதை ரயில் 1904-இல் ஓடத் தொடங்கியபோது, இந்த எல்லையைக் கடந்து சரக்குகளோடு செய்திகளும் இளைஞர்களும் போய்வந்தனர்.

அந்த இளைஞர்களுள் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். 1886-இல் பிறந்தவர், செண்பகராமனுக்கு ஐந்து வயது மூத்தவர், திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் பணியாற்றியவர். ஒரே சமஸ்தானத்தின் குடிகளான இந்த இரு தமிழர்களும் சந்தித்துக்கொண்டதற்கான சான்று இல்லை. ஆனால் இருவரையும் உருவாக்கிய காலம் ஒன்றே. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஒரு பங்கு 25 ரூபாய், 40,000 பங்குகள், 10 லட்சம் ரூபாய் மூலதனம். ஏகாதிபத்தியத்தை அதன் சொந்தக் களமான வணிகத்திலேயே, மக்களிடம் திரட்டிய பணத்தைக் கொண்டு எதிர்கொள்ளும் துணிவு அதில் இருந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், திருநெல்வேலியில் எழுச்சி வெடித்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும் கம்பெனி பிழைக்கவில்லை.

அதே 1908-இல் செண்பகராமன் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். உயிரின ஆய்வுக்காகத் திருவனந்தபுரம் வந்திருந்த வால்டர் ஸ்டிரிக்லண்ட் என்ற ஆங்கிலேயர், தம் நாட்டின் பேரரசையே வெறுத்தவர். பள்ளி மாணவராக இருந்த செண்பகராமனின் ஆர்வத்தைக் கண்டு தம்முடன் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். ஆஸ்திரியாவில் பள்ளிப் படிப்பு. 1910 முதல் சூரிச்சில் பொறியியல். பதினேழு வயதில் ஊரை விட்ட அந்தச் சிறுவன் பிறகு ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை.

அவர் கண்ட ஐரோப்பாவில் மிக வேகமாக வளர்ந்துகொண்டிருந்த வல்லரசு ஜெர்மனி. 1871 ஜனவரியில், தோற்கடிக்கப்பட்ட பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையிலேயே அறிவிக்கப்பட்ட பேரரசு அது. நாற்பது ஆண்டுகளுக்குள் தொழில்துறையில் பிரிட்டனைப் பிடித்து முந்தியது. 1913-இல் அதன் எஃகு உற்பத்தி பிரிட்டனைப் போல இரு மடங்கைத் தாண்டியிருந்தது. வேதியியலிலும் மின்துறையிலும் உலகின் முதலிடம் அதற்கே. தொழிலாளருக்கு 1883-இல் நோய்க்காப்பீடு, 1884-இல் விபத்துக்காப்பீடு, 1889-இல் முதுமைக்கால ஓய்வூதியம் என்று சட்டமியற்றி, சமூகப் பாதுகாப்பு என்னும் கருத்துக்கு அரசு வடிவம் தந்த முதல் நாடும் அதுவே. அதன் பல்கலைக்கழகங்கள் சமஸ்கிருதத்தையும் இந்தியத் தத்துவத்தையும் மதித்துக் கற்பித்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தியாவில் ஓர் அடி நிலம்கூட அதற்குச் சொந்தமில்லை. ஆங்கிலேயரின் ஆணவத்தை மட்டுமே அறிந்திருந்த ஓர் இந்திய மாணவனுக்கு ஜெர்மனி ஒரு நம்பிக்கையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அந்த நாட்டுக்கு மற்றொரு முகமும் இருந்தது. தொழிலாளருக்குக் காப்பீடு தந்த பிஸ்மார்க்தான் 1878 முதல் 1890 வரை சோசலிச அமைப்புகளைச் சட்டத்தால் தடை செய்திருந்தார். ஒரு கையில் ஓய்வூதியம், மறு கையில் தடைச்சட்டம் என்பதே அவருடைய ஆட்சிமுறை. பேரரசின் நாடாளுமன்றத்துக்கு ஆண்கள் அனைவரும் வாக்களித்தனர். ஆனால் பேரரசின் பெரும்பகுதியான பிரஷ்யாவின் சட்டமன்றத் தேர்தலில் வாக்காளர்கள் செலுத்தும் வரியைப் பொறுத்து மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். நூற்றுக்கு நான்கைந்து பேரே அடங்கிய செல்வந்தர் வகுப்புக்கும், பெரும்பான்மையோர் அடங்கிய மூன்றாம் வகுப்புக்கும் சமமான பிரதிநிதித்துவம் தரப்பட்டது.

நாடாளுமன்றமோ பேசலாம், ஆட்சியை மாற்ற முடியாது. 1912 தேர்தலில் சோசலிச சனநாயகக் கட்சி 397 இடங்களில் 110 வென்று தனிப்பெரும் கட்சியானது. ஆட்சியில் அதற்குப் பங்கில்லை. அடுத்த ஆண்டு அல்சாஸ் பகுதியின் சாபெர்ன் என்ற சிற்றூரில் இளம் ராணுவ அதிகாரி ஒருவர் உள்ளூர் மக்களை இழிவாகப் பேசினார். எதிர்த்தவர்களைப் படையினர் சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்து அடைத்தனர். நாடாளுமன்றம் 293-க்கு 54 என்ற வாக்குகளில் தலைமை அமைச்சரைக் கண்டித்தது. அவர் பதவி விலகவில்லை. அவர் பதில் சொல்ல வேண்டியது கெய்சர் ஒருவருக்கே, மக்களுக்கல்ல. ஐரோப்பாவில் தன் சொந்தக் குடிகளையே இப்படி நடத்திய அரசு ஆப்பிரிக்காவில் எப்படி நடந்திருக்கும்? 1904-க்கும் 1908-க்கும் இடையில், இன்று நமீபியா எனப்படும் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் எழுச்சி செய்த ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மானியப் படை பாலைவனத்துக்கு விரட்டியும் முகாம்களில் அடைத்தும் கொன்றது. ஹெரேரோ இனத்தின் பெரும்பகுதி அழிந்தது. அதை இனப்படுகொலை என்று ஜெர்மனி அரசு ஏற்றுக்கொள்ள 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏகாதிபத்தியத்தின் கணக்கு எங்கும் ஒன்றுதான். கும்பெனி ஆட்சியின் தொடக்க நாள்களில் குற்றால மலையடிவாரத்தில் இலவங்கமும் ஜாதிக்காயும் பயிரிட்டுப் பார்த்தார்கள். டச்சுக்காரர்களின் நறுமணப் பொருள் வணிகத்தைப் பறிக்கும் ஆசையே அதற்குக் காரணம். ஜெர்மனி அந்த அளவுக்குக்கூட இங்கே வரவேண்டியிருக்கவில்லை. 1897-இல் அதன் வேதியியல் நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவில் அவுரி பயிரிடப்பட்ட பரப்பு பல மடங்கு சுருங்கியது. இழப்பைப் பிஹாரின் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் குத்தகை விவசாயிகளின் தலையில் ஏற்றினர். 1917-இல் காந்தியடிகளைச் சம்பாரணுக்கு அழைத்த துயரத்தின் ஒரு முனை, ரைன் நதிக்கரையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தது.

ஜெர்மன் மண்ணில் இந்தியாவின் விடுதலைக் குரல் ஒலித்த முதல் பெரிய மேடை கெய்சர் அமைத்துக் கொடுத்ததன்று. 1907 ஆகஸ்டில் ஸ்டுட்கார்ட் நகரில் கூடிய அனைத்துலக சோசலிஸ்டுகள் மாநாட்டில்தான் மேடம் காமா இந்தியாவின் மூவண்ணக் கொடியை விரித்தார். கெய்சரின் போலீஸ் கண்காணித்த தொழிலாளர் இயக்கம் அந்த இடத்தைத் தந்தது. ஆக, ஒரே நாட்டுக்குள் இரண்டு ஜெர்மனிகள் இருந்தன. ஒன்று அரண்மனைக்கும் வெளியுறவு அலுவலகத்துக்கும் உரியது. மற்றொன்று ஆலைகளுக்கும் சங்கங்களுக்கும் உரியது. செண்பகராமன் எந்தக் கதவைத் தட்டினார் என்பது அவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தது.

அவர் சூரிச்சில் படித்துக்கொண்டிருந்தபோது ஊர்ப்பக்கம் பேரதிர்ச்சி ஒன்று நிகழ்ந்தது. நீலகண்ட பிரம்மச்சாரி உருவாக்கிய பாரதமாதா சங்கம் தென்காசியிலும் செங்கோட்டையிலும் இரகசியமாகக் கூடி உறுப்பினர்களைச் சேர்த்து வந்தது. 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில், வ.உ.சி.யின் கம்பெனியை ஒடுக்கியவராகக் கருதப்பட்ட ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தம்மையும் மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுச்சென்ற கடிதத்தின் சமூகப் பார்வை குறித்து இன்றும் கடுமையான விவாதம் உண்டு; அவருடைய துணிவு குறித்து இல்லை. அந்தச் செயலுக்குப் பிறகு வந்த வழக்கும் ஒடுக்குமுறையும் இப்பகுதியின் இரகசிய இயக்கத்தைச் சிதைத்தன. ஒரு துப்பாக்கி ஓர் அதிகாரியை வீழ்த்தலாம், ஓர் ஆட்சியை வீழ்த்தாது என்ற பாடத்தைப் பலரும் படித்தனர். ஆட்சியை வீழ்த்த ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் வேண்டும் என்றால் அவற்றைத் தரக்கூடிய அரசு வேண்டும். செண்பகராமனும் அவருடைய தோழர்களும் எடுத்த முடிவுக்குப் பின்னிருந்த தர்க்கம் இதுவே.

1914 ஜூனில், போருக்குச் சில வாரங்கள் முன்பு, செண்பகராமன் சூரிச்சில் அனைத்துலக இந்திய ஆதரவுக் குழுவை அமைத்தார். அப்போது அவருக்கு வயது 22. அக்டோபரில் பெர்லின் சென்று, சரோஜினி நாயுடுவின் சகோதரர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா முதலானோர் இருந்த இந்தியக் குழுவில் இணைந்தார். விவேகானந்தரின் இளவல் பூபேந்திரநாத் தத்தர், மௌலவி பரகத்துல்லா, சென்னையில் பிறந்த எம்.பி.டி.ஆசார்யா, கதர் இயக்கத்தின் ஹர்தயாள் ஆகியோரும் இக்குழுவோடு சேர்ந்தனர். ஜெர்மானிய வெளியுறவு அலுவலகம் பணமும் அச்சகமும் ஆயுதமும் தர முன்வந்தது.

இந்த இடத்தில் ஒரு செய்தி, பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னை எப்போதும் ஈர்ப்பது. ஜெர்மனி தரும் பணத்தைக் கொடையாகவோ கூலியாகவோ ஏற்கக் குழுவினர் விரும்பவில்லை. அதை விடுதலை பெற்ற இந்தியா பின்னாளில் திருப்பித் தரப்போகும் தேசியக் கடனாகவே கருதினர். கூலிப்படை என்ற பழி வரக்கூடாது, எவருக்கும் கைகட்டி நிற்கக்கூடாது என்ற தன்மானம் அதில் தெரிகிறது. ஆயினும் கடனுக்கென்று ஓர் இயல்பு உண்டு. எதற்கு, எப்போது, எவ்வளவு என்பதைக் கடன் கேட்பவன் தீர்மானிப்பதில்லை, கொடுப்பவனே தீர்மானிக்கிறான். வ.உ.சி. பங்கு விற்றார், பங்குதாரர்கள் அவருடைய மக்களாகவே இருந்தனர். பெர்லின் குழு கடன் வாங்கியது. கடன் கொடுத்தவர் கெய்சர்.

கெய்சரின் தேவை இந்தியாவின் விடுதலை அன்று. பிரிட்டனின் படைகளை ஐரோப்பியப் போர்முனையிலிருந்து திசைதிருப்ப ஆங்காங்கே ஒரு தீப்பொறி போதும் என்பதே அவருடைய ஆலோசகர்களின் கணக்கு. கீழை நாடுகளுக்கான பரப்புரையை வகுத்த மாக்ஸ் ஃபான் ஓப்பன்ஹைம், உதுமானியப் பேரரசின் துணையோடு முஸ்லிம் நாடுகளில் புனிதப் போரைத் தூண்டுவதிலேயே பெரும் நம்பிக்கை வைத்திருந்தார். இந்தியா அந்தத் திட்டத்தின் ஒரு கிளை மட்டுமே. பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப், சோசன் ஆகிய இடங்களில், பிரெஞ்சு மண்ணில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்கெனச் செய்தித்தாள் நடத்தி, பிரிட்டனுக்கு எதிராகத் திருப்ப முயன்றனர். சிறைக்கம்பிக்குள் நின்று கேட்கும் விடுதலைப் பேச்சு அந்தச் சிப்பாய்களை அதிகம் அசைக்கவில்லை.

ஆயுதங்களும் வந்து சேரவில்லை. 1915 மார்ச்சில் சான் டியாகோவிலிருந்து ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளோடு புறப்பட்ட ஆனி லார்சன் கப்பல், கடலில் சந்திக்க வேண்டிய மாவெரிக் கப்பலைச் சந்திக்கவே இல்லை. சரக்கு முழுவதும் அமெரிக்க அரசின் கைக்குப் போனது. அந்த ஆயுதங்களுக்காக வங்கத்தில் காத்திருந்த ஜதீந்திரநாத் முகர்ஜி, செப்டம்பரில் பாலசோர் அருகே போலீஸாரோடு மோதி உயிர்நீத்தார். அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் தலைமையில் தற்காலிக இந்திய அரசு அறிவிக்கப்பட்டது. பரகத்துல்லா அதன் பிரதமர்; பெர்லினில் இருந்த செண்பகராமன் அதன் வெளியுறவு அமைச்சராக அறியப்பட்டார். நாட்டுக்கு வெளியே அமைந்த முதல் இந்திய அரசுகளுள் ஒன்று என்ற வகையில் அது நினைக்கத்தக்கது. ஆனால் ஆப்கானிய அமீர் காலம் கடத்தினார். ஜெர்மனி எதிர்பார்த்த படையெடுப்பு நடக்கவில்லை. தூதுக்குழுவினர் வெறுங்கையோடு கலைந்தனர்.

இதே காலத்தில், பிரிட்டிஷ் அரசால் தேடப்பட்டுப் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த மகாகவி பாரதி வேறு விதமாகச் சிந்தித்தார். 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் புகுந்தபோது, தோல்வி உறுதி என்று தெரிந்தும் எதிர்த்து நின்ற அச்சிறிய நாட்டை வாழ்த்திக் கவிதை எழுதினார். பிரிட்டனின் பகைவன் என்பதற்காகக் கெய்சரை அவர் நண்பனாக ஏற்கவில்லை. தன் நாட்டை மிதிக்கும் காலணியை வெறுப்பவன், பிறர் நாட்டை மிதிக்கும் காலணியையும் அடையாளம் காண வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1918 நவம்பரில், போர் முடிந்த அதே மாதத்தில், புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதி கைதாகி, விடுதலைக்குப் பின் தென்காசிக்கு அருகே மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்த நவம்பர் 9-ஆம் நாள் கெய்சர் வில்ஹெல்ம் முடி துறந்தார். மறுநாள் ஹாலந்துக்குத் தப்பிச் சென்றார். 47 ஆண்டுகள் நீடித்த பேரரசு சில நாள்களில் சரிந்தது. அதைச் சரித்தவர்கள் அந்நிய நாட்டவர் மட்டுமல்லர். பட்டினியால் தளர்ந்த நகரங்களும், கப்பலேற மறுத்த மாலுமிகளும், தெருவுக்கு வந்த தொழிலாளர்களும்கூட. கடன் கொடுத்தவரே ஓடிப்போனதால் பெர்லின் குழுவும் கலைந்தது.

அக்குழுவினர் அதன் பிறகு சென்ற பாதைகள் தனியே ஆராயத்தக்கவை. ஹர்தயாள் ஜெர்மனி மீது கசப்புற்று, 1920-இல் அந்த அனுபவங்களை நூலாக எழுதியபோது பிரிட்டிஷ் பேரரசே மேல் என்ற நிலைக்கு வந்திருந்தார். சட்டோபாத்யாயா பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து மாஸ்கோ சென்றார். 1937-இல் ஸ்டாலினின் ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது. ஆசார்யா 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களுள் ஒருவராக இருந்து, பிறகு எல்லா அரசுகளையும் மறுக்கும் கொள்கைக்கு மாறி, 1954-இல் மும்பையில் வறுமையில் இறந்தார். செண்பகராமன் மட்டும் பெர்லினிலேயே தங்கினார்.

அவர் சார்ந்திருந்த வட்டம் பழைய பேரரசின் வட்டம். அரசியலில் அவருடைய தொடர்புகள் முடியாட்சியை மறக்காத ஜெர்மானியத் தேசிய மக்கள் கட்சியினரோடு அமைந்தன. போர்க்காலத்தில் தமக்குக் கதவு திறந்தவர்கள் மீது நன்றியுணர்வு கொண்ட ஒருவருக்கு அது இயல்பான சேர்க்கையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த வட்டத்தின் வலப்புறத்திலிருந்து வளர்ந்த சக்தி ஹிட்லருடையது. 1920-களின் நடுவில் வெளிவந்த தம் நூலிலேயே, இந்தியா வேறெவரிடமும் இருப்பதைவிடப் பிரிட்டனின் ஆட்சியில் இருப்பதையே தாம் விரும்புவதாக ஹிட்லர் எழுதியிருந்தார். இந்திய விடுதலை வீரர்களை ஏளனம் செய்திருந்தார். இனவெறியின் ஏணியில் இந்தியர்களுக்கு உரிய படி எது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

செண்பகராமன் இதை விழுங்கிக்கொண்டு இருக்கவில்லை. ஹிட்லரின் இந்திய விரோதப் பேச்சுக்கு எதிர்ப்புத் தெரிவித்து விளக்கம் கேட்டவர் அவர் என்பது, கப்பல் கதையைவிடப் பல மடங்கு வீரம் மிக்க உண்மை. 1931-இல் மணிப்பூரைச் சேர்ந்த லட்சுமிபாயை மணந்தார். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். தாம் நம்பிய ஜெர்மனி தம் கண்முன்னே வேறொன்றாக மாறியதைப் பார்த்துவிட்டு, 1934 மே மாதம் பெர்லினில், 42-ஆம் வயதில் அவர் காலமானார்.

அவருடைய அனுபவத்தை அறிந்தும் அறியாமலும் இதே பாதையில் பின்னர் மற்றொருவர் நடந்தார். 1941-இல் பெர்லின் சென்ற நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், 1942 மே மாதம் ஹிட்லரை ஒரே ஒருமுறை சந்தித்தார். இந்திய விடுதலைக்கு ஆதரவான பொது அறிவிப்பை அவரால் பெற முடியவில்லை. 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறிக் கிழக்கே புறப்பட்டார். அங்கே அவருக்குப் பின்னால் திரண்டவர்கள், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் உட்பட, நம் சொந்த மக்கள். ஜெய்ஹிந்த் என்ற முழக்கத்தைச் செண்பகராமனின் பெயரோடு சேர்த்துச் சொல்வது தமிழ்நாட்டு வழக்கம்; அது மக்கள் நாவில் நிலைத்தது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் வழியாக. நாடு திரும்பிய அந்த வீரர்கள் மீது 1945-இல் தொடுக்கப்பட்ட வழக்கு நாடெங்கும் எழுப்பிய கொதிப்பு, ஜெர்மனியின் பணத்தால் ஒருபோதும் எழுப்ப முடியாததாக இருந்தது.

செண்பகராமனையும் அவர் தோழர்களையும் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. சிறையும் தூக்கும் மட்டுமே காத்திருந்த காலத்தில், தாய்மொழி கேட்காத ஊர்களில், உறவினர் முகம் காணாமல், ஒரு தலைமுறை தன் இளமையைக் கொடுத்தது. அவர்கள் செய்த முயற்சி தோற்றதால்தான் அதன் விலை நமக்குத் தெரிந்தது. இறுதியில் விடுதலையைக் கொண்டுவந்தது வேறொரு மூலதனம். 1920-க்குப் பிறகு காங்கிரஸ் உறுப்பினராக நாலணா போதும் என்ற நிலை வந்தது. அந்த நாலணா, வ.உ.சி.யின் 25 ரூபாய்ப் பங்கைப் போலவே, கொடுத்தவனை உரிமையாளனாக ஆக்கியது. கெய்சரின் தங்கத்தால் ஆகாததை விவசாயியின் நாலணா செய்தது. வல்லரசுகளின் போட்டியில் ஒன்றைப் பிடித்து மற்றொன்றை வீழ்த்தலாம் என்று இன்றும் கணக்குப் போடும் சிறிய நாடுகளும் போராடும் இனங்களும் படிக்க வேண்டிய பாடம் இது. இதைத் தமிழர்கள் தனியே எடுத்துச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கணவரின் அஸ்தியை லட்சுமிபாய் 1935-இல் மும்பைக்குக் கொண்டுவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருந்தார். கரமனை ஆற்றில் கரைக்க வேண்டும், நாஞ்சில் நாட்டு வயல்களில் தூவ வேண்டும் என்பது செண்பகராமனின் விருப்பம். 1966 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். டெல்லி அந்த அஸ்தியைக் கொச்சிக்குச் சுமந்து வந்தது. அதற்குள் அவர் விட்டுச்சென்ற வரைபடமே மாறியிருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் இல்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் நாஞ்சில் நாடும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைந்துவிட்டன.

ஐ.என்.எஸ். டெல்லிக்கும் ஒரு முன்கதை உண்டு. இந்தியா 1948-இல் வாங்குவதற்கு முன் அதன் பெயர் அக்கிலீஸ். 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கடலில் ஜெர்மானியப் போர்க்கப்பலான கிராஃப் ஸ்பீயை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் தரப்புக் கப்பல்களுள் அதுவும் ஒன்று. எம்டனில் ஒருபோதும் ஏறாத செண்பகராமன், ஜெர்மனியோடு பொருத பிரிட்டனின் பழைய கப்பலில், இந்தியக் கொடியின் கீழ் வீடு திரும்பினார். இரண்டு பேரரசுகளும் அதற்குள் மறைந்திருந்தன. நம் பாடநூல்களும் நினைவிடங்களும் சொல்ல வேண்டிய கப்பல் கதை இதுதான்.